செவலைக் கோழி அடைகாத்த கவுதாரிகள்

அந்த வருஷம் அப்பா பகலிலும் வீட்டில் இருந்தார். எனக்கும் தம்பிக்கும் அது எங்களுக்காகவே கிடைத்த விடுமுறை போல இருந்தது. அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில், கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டையில்தான் அவரைச் சூரிய வெளிச்சத்தில் பார்த்திருக்கிறோம். மற்ற நாட்களில் விடிகிற நேரத்தில் தாம்பரத்துக்கு நடந்துபோய் மின்சார ரயில் பிடித்து, பல்லாவரம் பக்கத்தில் இருந்த ஒரு தொழிற்சாலையில் டைம்கீப்பர் வேலை பார்த்துவிட்டு, விளக்கு வைத்த பிறகு திரும்புவார்.

தொழிற்சாலையில் கதவடைப்பு என்றார்கள். எனக்கு ஒன்பது வயது. கதவை அடைத்தால் திறக்க வேண்டியதுதானே, சாவி யாரிடம் இருக்கிறது என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் கேள்வியை உண்மையாகவே எடுத்துக்கொண்டு யோசித்தார். "அது யாருக்கும் தெரியல போலருக்கும்மா" என்றார்.

முதலில் கொஞ்ச காலம் அவர் வழக்கம்போலவே டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார். மற்றவர்களோடு கேட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டு வந்தார். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் போனார். பிறகு போகவில்லை. நாங்கள் அப்போது இரும்புலியூரில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஓட்டு வீடொன்றில் குடியிருந்தோம். பின்பக்கம் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் முட்புதரும் களாச்செடியும் மண்டிய பொட்டல். அப்பா அந்த வேலியைப் பார்த்தபடி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். நாங்கள் பள்ளிக்கூடம் போகும்போது எப்படி உட்கார்ந்திருந்தாரோ அப்படியே, திரும்பி வரும்போதும் உட்கார்ந்திருப்பார். முகத்தில் தாடி வளர்ந்திருந்தது. அது அவருக்கு நன்றாக இருக்கிறது என்று தம்பி சொன்னான்.

அம்மா தாம்பரத்தில் ஒரு பள்ளியில் சின்ன வகுப்பு டீச்சர். பள்ளி விட்டதும் அங்கேயே நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்துவிட்டு நடந்து வருவாள். வந்ததும் சமையலறைச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிடுவாள். தோளில் பை அப்படியே இருக்கும். முந்தானையில் சாக்பீஸ் தூள். "ஒரு நிமிஷம்" என்பாள், யாரும் எதுவும் கேட்காதபோதும். அந்த ஒரு நிமிஷம் முடிந்ததும் எழுந்து அடுப்பைப் பற்றவைப்பாள்.

ஒரு சாயங்காலம் அப்பாவோடு வேலை பார்த்தவர் ஒருவர் வந்து, வெளியிலேயே நின்று ஏதோ சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அப்பா ஒரு சாவுக்குப் போய்விட்டு வந்தார். அதே தொழிற்சாலையில் மெஷின் ஓட்டியவர். குரோம்பேட்டைக்கு அருகில் ரயிலில் அடிபட்டு இறந்துபோனார் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. அந்த "அடிபட்டு" என்ற சொல்லைப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். தண்டவாளத்தைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். தம்பிக்கும் எடுத்துச் சொன்னேன். அப்பா அன்று குளித்துவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்தார். பேசவில்லை. அதற்குப் பிறகு பல நாட்கள் பேசவில்லை.

இந்தச் சமயத்தில்தான் பின்னால் இருந்த பொட்டலை மனை போட்டு விற்பதற்காகச் சுத்தம் செய்ய ஆட்கள் வந்தார்கள். நாலைந்து பேர், ஆணும் பெண்ணுமாக, அரிவாளும் கடப்பாரையும் கொண்டு வந்து வேலியை ஒட்டிய பக்கத்திலிருந்து புதர்களை வெட்ட ஆரம்பித்தார்கள். அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சனிக்கிழமை, நானும் வீட்டில் இருந்தேன். வெட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் குனிந்து எதையோ பார்த்துவிட்டு வேலிக்கு இந்தப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"சார், சும்மாத்தான குந்திகினு கீற. இங்க வந்து பாரு, முட்ட கீது."

அப்பா எழுந்து போனார். நானும் ஓடினேன். ஒரு களாச்செடியின் அடியில், காய்ந்த புல்லுக்கு நடுவில் சின்னப் பள்ளம். அதில் ஏழெட்டு முட்டைகள். கோழி முட்டையில் பாதி இருக்கும். பால் கலந்த காப்பி நிறம். கவுதாரி முட்டை என்றாள் அந்த அம்மாள். தாய்ப்பறவை அரிவாள் கிட்டே வரும்வரை உட்கார்ந்திருந்ததாம். பிறகு காலுக்கடியிலிருந்து ஓடியதாம்.

"வறுத்துத் தின்னா நல்லாருக்கும். வேணுமா சார், இல்ல நான் எடுத்துக்கவா?"

"அது திரும்பி வந்துடும்" என்றார் அப்பா. "அந்தச் செடிய மட்டும் விட்டுடேன்."

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனால் செடியை விட்டுவிட்டாள். சுற்றிலும் வெட்டவெளியாகிவிட, நடுவில் அந்த ஒற்றைக் களாச்செடி மட்டும் நின்றது. ஆட்கள் சாப்பிட ஒதுங்கியபோது அப்பா வேலியோரம் குந்தி உட்கார்ந்து காத்திருந்தார். தூரத்தில் கவுதாரி கத்துவது கேட்டது. ஒருமுறை வெட்டவெளியின் ஓரம்வரை ஓடி வந்து, நின்று பார்த்துவிட்டுத் திரும்பி ஓடியது. அதற்குப் பிறகு வரவில்லை. சாயங்காலம் ஆட்கள் அங்கேயே சுள்ளி மூட்டிக் கஞ்சி வைத்தார்கள். அப்பா அப்போதும் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும்போது நின்று பார்த்தார். "பாவம், மனுஷனுக்கு வேற வேல என்ன" என்று தன் மனைவியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அப்பாவுக்கும் கேட்டிருக்கும்.

இருட்டுவதற்கு முன்னால் அப்பா முட்டைகளைத் துண்டில் ஏந்தி எடுத்துவந்தார். தொட்டுப் பார்த்தேன். வெயில் சூட்டிலோ என்னவோ, இன்னும் வெதுவெதுப்பாக இருந்தன.

எங்களிடம் ஒரே ஒரு கோழி இருந்தது. செவலை நிறம், கோபக்காரி. சில நாட்களாக அது முட்டையிடுவதை நிறுத்திவிட்டு, பின்கட்டில் இருந்த பழைய கூடையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு அடைக்கு உட்கார்ந்திருந்தது. அடியில் ஒன்றும் இல்லாமலே உட்கார்ந்திருந்தது. கிட்டே போனால் கொர்ரென்று கத்திக் கொத்தும். அம்மா அதற்காகவே அதன் முட்டைகளைத் தவிட்டுப் பானையில் சேர்த்து வைத்திருந்தாள். எங்களுக்கு ஒன்றுகூடத் தரவில்லை. குஞ்சு பொரித்து வளர்ந்தால் கிறிஸ்துமஸ் சமயத்தில் விற்கலாம், வீட்டுக்கும் ஒன்று அறுக்கலாம் என்பது அவள் கணக்கு. மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அடை வைப்பதாக இருந்தாள்.

சனிக்கிழமை டியூஷன் முடிந்து அம்மா வந்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்பா துண்டைப் பிரித்து அவள் முன்னால் வைத்தார்.

"இதையும் உன் முட்டையோட சேர்த்து வெச்சுப் பாக்கலாமா?"

அத்தனை நாளில் வீட்டில் அவர் தானாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன். அம்மா முட்டைகளைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

"சேர்த்து வைக்க முடியாதுங்க" என்றாள். "இது சீக்கிரம் பொரிஞ்சிடும். பொரிஞ்ச உடனே கோழி குஞ்சுங்களக் கூட்டிக்கினு எழுந்து போயிடும். மத்த முட்டையெல்லாம் ஆறிப்போயிடும்."

"அப்ப வேணாம்" என்றார் அப்பா. துண்டைச் சுருட்டப் போனார்.

"இருங்க" என்றாள் அம்மா.

அவள் எழுந்துபோய்த் தவிட்டுப் பானையில் கையை விட்டு, தான் சேர்த்து வைத்திருந்த முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். அடுப்பைப் பற்றவைத்து, தண்ணீர் கொதித்ததும் எல்லாவற்றையும் அதில் போட்டாள். "கூடையில நீங்க கொண்டாந்தத வைங்க" என்றாள், திரும்பாமலே. அன்று இரவு எங்கள் வீட்டில் முட்டைக் குழம்பு. ஆளுக்கு இரண்டு. தம்பி சந்தோஷத்தில் முழங்கைவரை குழம்பாக்கிக்கொண்டான். கவுதாரி முட்டை வீட்டுக்கு வந்தால் இப்படியெல்லாம் நடக்கும் என்றால் தினமும் வரட்டும் என்று இருந்தது எனக்கு.

செவலை முதலில் முட்டைகளை அலகால் புரட்டிப் பார்த்தது. அளவு சிறியதாக இருந்தது அதற்குத் தெரிந்ததா தெரியவில்லை. வயிற்றுக்கு அடியில் தள்ளிக்கொண்டு, உடம்பை இரண்டு பக்கமும் அசைத்து உட்கார்ந்துவிட்டது. அப்பா கட்டிலை வேலிப் பக்கத்திலிருந்து கூடைக்குப் பக்கத்தில் திருப்பிப் போட்டுக்கொண்டார். கோழி தினமும் ஒரு தடவை இறங்கி, அவசரமாகத் தின்று, தண்ணீர் குடித்து, மண்ணில் புரண்டுவிட்டுப் போகும். அந்த நேரம் காக்கையும் பூனையும் வராமல் அவர் குச்சியோடு நிற்பார். ஒருநாள் செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையில் முட்டையை வைத்து, சூரியனுக்கு எதிரே பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். உள்ளே சிவப்பு நூல் போல ரத்தக்குழாய்கள். நடுவில் ஏதோ துடித்தது. "உள்ள ஆளிருக்கு" என்றார்.

மூன்று வாரம் ஆவதற்கு முன்பே பொரிந்தன. இரண்டு முட்டை கூமுட்டை. மற்றவை குஞ்சுகள், என் கட்டைவிரல் அளவு. முதுகில் அணில் மாதிரி கோடு. ஈரம் உலர்வதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டன. செவலை நொய்யரிசியைக் கொத்திக் கொத்திக் காட்டிக் கூப்பிட்டது. அவை வந்தன, அரிசியைப் பார்த்தன, தின்னவில்லை. சாயங்காலத்துக்குள் ஒன்று செத்துவிட்டது.

"புழு பூச்சிதான் தின்னும். கரையான் வேணும்" என்றாள் அம்மா. அவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று தெரியவில்லை. உடைந்த பானையில் காய்ந்த சாணியும் வைக்கோலும் கிழிந்த சாக்கும் அடைத்து, தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கிற மண்ணில் கவிழ்த்து வைத்தால் காலையில் நிறைய ஏறியிருக்கும். அப்படி வைக்க எங்கள் பக்கத்தில் இடம் இல்லை, எல்லாம் வெட்டியாயிற்று. தண்டவாளத்தைத் தாண்டி வண்டலூர் போகிற பக்கம் நடக்க வேண்டும்.

மறுநாளிலிருந்து அப்பா காலையில் போய்ப் பானையை எடுத்து வருவார், சாயங்காலம் போய் மறுபடி வைத்துவிட்டு வருவார். போக ஒரு மைல் இருக்கும்.

"பாப்பாவும் கூட வருவா" என்றாள் அம்மா.

"அவளுக்கு ஏன்? படிக்கட்டும்."

"வரட்டும். பானையத் தூக்க ஒத்தாசையா இருக்கும்."

எனக்கு அது பெரிய கௌரவமாக இருந்தது. தம்பி தானும் வருவேன் என்று அழுதான், அவனை விடவில்லை. அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அப்பா கையைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும், அவர் எங்கேயாவது நின்றால் நானும் நிற்க வேண்டும், நீ முன்னால் போ என்று அவரே சொன்னாலும் போகக் கூடாது என்றாள். சரி என்றேன். ஒரு உடைந்த பானைக்கு இரண்டு பேர் தேவையில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நான் வீட்டுக்கு வந்ததும் அம்மா, "அப்பா என்ன பேசினாரு?" என்று கேட்பாள். கரையானைப் பற்றி என்பேன். "நல்லது" என்பாள்.

உண்மையில் அப்பா அந்த நடையில்தான் மறுபடி பேச ஆரம்பித்தார். பெரிதாக ஒன்றும் இல்லை. புற்றில் எந்தப் பக்கம் ஈரம், எந்த ரயில் எத்தனை நிமிஷம் தாமதம், இப்படி. டைம்கீப்பராக இருந்தவருக்கு ரயில் நேரம் எல்லாம் மனப்பாடம். பானையைக் கொண்டுவந்து முற்றத்தில் தட்டினால் வெள்ளை வெள்ளையாகக் கரையான் கொட்டும். குஞ்சுகள் எங்கிருந்தோ ஓடி வந்து மேயும். செவலை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானும் தின்னும்.

ஒருநாள் அப்படிக் கொட்டிக்கொண்டிருந்தபோது மேலே ஒரு பருந்து தாழ்ந்து வந்தது. செவலை கத்தியது, இறக்கையை விரித்தது. கோழிக்குஞ்சாக இருந்தால் அடியில் ஓடிப் புகுந்திருக்கும். இவை அப்படிச் செய்யவில்லை. எது எங்கே இருந்ததோ அங்கேயே தரையோடு தரையாகப் படுத்துவிட்டன. ஒரு நொடியில் முற்றத்தில் ஒரு குஞ்சுகூட இல்லை. வெறும் மண்ணும் சருகும்தான் தெரிந்தன. கோழி பைத்தியம் பிடித்ததுபோல் இங்கும் அங்கும் ஓடியது.

"நகராத" என்றார் அப்பா. "கால் எங்க இருக்கோ அங்கயே நில்லு. மிதிச்சிடுவ."

பருந்து போய்விட்டது. குஞ்சுகள் எழவில்லை. நாங்களும் நகரவில்லை. வெயில் தலையில் இறங்கியது. பானை அப்பா கையிலேயே இருந்தது. எனக்குக் கால் கடுத்தது, சிரிப்பும் வந்தது. அப்பாவைப் பார்த்தேன். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"அசையாம இருந்தா எல்லாம் போயிடும்னு நெனைக்குதுங்க" என்றார்.

வெயிலில் கண் கூசுகிறது போல என்று நான் நினைத்துக்கொண்டேன். கடைசியில் செவலை குரலைத் தாழ்த்திக் கூப்பிட, முதலில் ஒன்று, பிறகு ஒன்று என்று மண்ணிலிருந்து முளைத்தது மாதிரி எழுந்து வந்தன. அப்பா பானையைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று சவரம் செய்துகொண்டார். தம்பிக்கு அது பிடிக்கவில்லை.

இன்னொரு சாயங்காலம் மழை வந்துவிட்டது. பானையைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பும்போது பிடித்துக்கொண்டது. நாங்கள் ஒரு புளியமரத்தடியில் ஒதுங்கி நின்றோம். பிறகு சுற்றுவழியாக, ஜி.எஸ்.டி. ரோடு பக்கமாக வந்தோம். நன்றாக நேரமாகிவிட்டது. ரயில்வே கேட்டில் அம்மா நின்றிருந்தாள். பள்ளிக்கூடத்துப் புடவை, தோளில் பை, குடை இல்லை, முழுக்க நனைந்திருந்தாள். ரோட்டிலிருந்து நாங்கள் வருவதை அவள் பார்க்கவில்லை. அவள் பார்வை ரோட்டில் இல்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாம்பரத்திலிருந்து வந்த ரயில் ஒன்று அப்போதுதான் தாண்டிப் போயிருந்தது.

"அம்மா" என்று கூப்பிட்டேன்.

அவள் திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தாள். என்னை இழுத்து என் தலையை ஈரமான முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். ரொம்ப அழுத்தித் துடைத்ததில் காது வலித்தது.

"மழ விடட்டும்னு நின்னோம்" என்றார் அப்பா.

"சரி" என்றாள். "வாங்க."

மூவரும் வீட்டுக்கு நடந்தோம். அப்பா அவள் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் அப்பா, "நான் அப்படியெல்லாம் பண்ண மாட்டேன்" என்றார், முன்னால் பார்த்தபடியே. நேரம் கழித்து வரமாட்டேன் என்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். பல வருஷம் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

குஞ்சுகளில் ஒன்றைக் கீரி கொண்டுபோனது. ஒன்று எங்கே போனதென்று தெரியவில்லை. மூன்று பிழைத்தன. மழைக்காலம் முடிவதற்குள் அவை வேலிமேல் பறந்து உட்காரக் கற்றுக்கொண்டன. இரவில் கூடைக்கு வராமல் பக்கத்துக் கொடுக்காப்புளி மரத்தில் தங்கின. செவலை கீழே நின்று கூப்பிட்டுப் பார்த்தது. பிறகு அதுவும் விட்டுவிட்டு மறுபடி முட்டையிட ஆரம்பித்தது. வண்டலூர்ப் பக்கமிருந்து காலையில் காட்டுக் கவுதாரிகள் கத்தினால் எங்களுடையவையும் பதில் கத்தும். ஒருநாள் காலையில் மரத்தில் ஒன்றும் இல்லை. அப்பா கொஞ்ச தூரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "கத்தறது கேட்டுது. நம்மளுதான்னு எப்படிச் சொல்றது" என்றார். அவ்வளவுதான்.

தொழிற்சாலை திறக்கவே இல்லை. கேளம்பாக்கத்தில் ஓர் உப்பள ஆபீசில் கணக்கு எழுதும் வேலை அப்பாவுக்குக் கிடைத்தது. கோயிலில் பழக்கமான ஒருவர் சொல்லி வைத்தார். சம்பளம் முன்பு வாங்கியதில் பாதி என்று பேசிக்கொண்டார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும்.

முதல் நாள் காலை அம்மா அவருக்குச் சோறு கட்டிக்கொடுத்து, பஸ் நிறுத்தம்வரை கூடவே போனாள். திரும்பி வந்தவள் பள்ளிக்கூடம் கிளம்புவாள் என்று நினைத்தோம். கிளம்பவில்லை. கட்டின புடவையோடு தரையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, அப்படியே தூங்கிப்போனாள். அவள் பகலில் தூங்கி நாங்கள் பார்த்ததில்லை. காய்ச்சலோ என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன், சுடவில்லை. நானும் தம்பியும் பழைய சோற்றைப் பிசைந்து தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போனோம். திரும்பி வந்தபோதும் தூங்கிக்கொண்டிருந்தாள். வெயில் ஜன்னல் வழியாக அவள் காலில் விழுந்திருந்தது, அதுகூடத் தெரியவில்லை அவளுக்கு. அசைத்து எழுப்பினேன். கண்ணைத் திறக்காமல், "கொஞ்ச நேரம் விடு பாப்பா, தூக்கமா வருது" என்றாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்பா தெரியாத ஊருக்கு, புது வேலைக்கு, தனியாகப் போயிருக்கிறார். போய்ச் சேர்ந்தாரா இல்லையா என்றுகூட இவளுக்குக் கவலை இல்லையே என்று நினைத்தேன். தம்பியைக் கூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய், அப்பா வரும்வரை நானே நின்றேன்.